மண்ணில் எழுதிய எல்லை

எல்லை என்றவுடன் எமக்கு வேலியும் கதியாலும் நினைவுக்கு வரும். எழுதுவினைஞராகக் கடமையாற்றிய காலத்தில், ஒரு முழ நிலத்துக்காக உறவினர் வழக்காடிய கோவைகள் பலவற்றைக் கண்டிருக்கிறேன். நாட்டுக்கே எல்லை வெட்டிய ஓர் அரசனின் வரலாற்றை இம்மலரில் அடியார்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இங்கிலாந்தையும் வேல்ஸ் நாட்டையும் ஒட்டிய பகுதியில் 'ஓஃபாவின் அணை' என்னும் நீண்ட மண்ணணை உள்ளது. கி.பி. 757 முதல் 796 வரை மேர்சியா இராச்சியத்தை ஆண்ட ஓஃபா மன்னனின் பெயரால் இது வழங்குகின்றது. சுமார் 130 கிலோமீற்றர் நீளத்துக்கு இதன் பகுதிகள் எஞ்சியுள்ளன. சில இடங்களில் அகழியுடன் சேர்த்து 20 மீற்றர் வரை அகலமும், 2.5 மீற்றர் வரை உயரமும் உண்டு.

எமது முன்னோர் குளம் தோண்டிய மண்ணாலேயே குளக்கட்டு அமைத்தனர். அவ்வாறே அங்கும் அகழி வெட்டிய மண்ணை ஒரு பக்கத்தில் குவித்தனர். அகழி மேற்கே, வேல்ஸ் பக்கமாக உள்ளது. ஆகவே அணையை எழுப்பியவர்கள் கிழக்கே இருந்தவர்கள் என்பது தெளிவு. மன்னனின் கட்டளைச் சாசனம் எதுவும் எஞ்சவில்லை. ஏறக்குறைய 100 ஆண்டுகளின் பின்னர் அசர் என்னும் துறவி எழுதிய நூலிலேயே இச்செய்தி காணப்படுகின்றது. எனவே அந்த மண்ணே முதற்சாட்சி.

மேர்சியா இராச்சியம் இன்றில்லை. இன்றைய எல்லைக்கோடும் சில இடங்களில் மாத்திரமே அணையுடன் செல்கின்றது. இரு பகுதியாரைப் பிரித்த அணையைத் தொடர்ந்து 1971 இல் 285 கிலோமீற்றர் நடைபாதை திறக்கப்பட்டது. இப்பொழுது இரு பகுதியாரும் அதில் நடந்து மகிழ்கின்றனர்.

ஆயினும் 2013 இல் சேர்க் என்னும் ஊருக்கு அருகே அணையின் ஒரு பகுதி இயந்திரத்தால் சமப்படுத்தப்பட்டது. நூற்றாண்டுகளாக மழையையும் பனியையும் தாங்கிய மண் இயந்திரத்தின் முன் நிற்கவில்லை. மண்ணை மீண்டும் குவிக்கலாம். ஆனால் ஆய்வாளர் காலத்தைக் கணிக்க உதவும் பழைய மண்ணடுக்குகள் கலைந்தால் கலைந்தவையே.

எமது ஊர்க் குளக்கட்டிலும் சிலர் மண் ஏற்றுகின்றனர். கேட்டால் "மண்தானே" என்கின்றனர். அவர்களை மட்டும் குறைகூற எனக்கு உரிமையில்லை. வீடு கட்டிய காலத்தில் அத்திவாரத்துக்காக அக்கட்டிலிருந்து ஓர் உழவு இயந்திரப் பெட்டி மண் எடுத்தவன் நான். அன்று இதனை எண்ணிப் பார்க்கவில்லை.

இனி அக்கட்டில் மண்வெட்டி வைக்கு முன், இது யார் சுமந்து கொட்டிய மண் என்று ஒரு கணம் எண்ணுவோமாக.