இரண்டு பிம்பமும் ஒன்றாகும்போது

நம் சங்கத்தில் மாதக் கூட்டம் முடிந்ததும், காபிக்கும் போண்டாவுக்கும் நடுவே, பழைய புகைப்படங்களைக் கொண்டு வந்து காட்டிப் பேசும் வழக்கம் சில காலமாக நடந்து வருவது அன்பர்கள் அறிந்ததே. சென்ற கூட்டத்துக்கு நான் என் பழைய ரேஞ்ச்பைண்டர் காமிராவையும் சில படங்களையும் எடுத்துப் போயிருந்தேன். பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் அதில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன தாத்தா, நடுவுல எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது, கெட்டுப் போச்சா?" என்று கேட்டாள். "கெடலை அம்மா, அதுதான் அதோட வேலையே" என்றேன். அந்த வேலை என்ன என்பதை விளக்கவே இக்கட்டுரை.

நான் எழுத்தாளன் அல்லன். சிவில் டிப்ளமோ முடித்து, 1981-ல் ரயில்வேயில் சேர்ந்து, கரக்பூர் பக்கம் தண்டவாளத்தின் மேல் ட்ராலியில் போய் வந்தே 37 வருஷத்தை ஓட்டியவன். ஆகவே எனக்குத் தெரிந்த சர்வே பாஷையிலேயே சொல்கிறேன்.

ஆற்றைக் கடக்காமல் அகலம் அளப்பது

அக்கரையில் ஒரு மரம் நிற்கிறது. ஆற்றில் இறங்காமல் அது எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்க வேண்டும். என்ன செய்வோம்? இக்கரையில் ஒரு நேர்கோட்டை டேப் பிடித்து அளந்து கொள்வோம். அதன் இரண்டு முனைகளிலிருந்தும் மரத்தைப் பார்த்துக் கோணம் எடுப்போம். அடிக்கோடும் கோணமும் தெரிந்தால் தூரம் கணக்கில் வந்துவிடும்.

ரேஞ்ச்பைண்டர் காமிராவும் இதையேதான் செய்கிறது. அதன் நெற்றியில் இரண்டு சிறு ஜன்னல்கள் இருக்கும். அவற்றுக்கு இடைப்பட்ட தூரமே அடிக்கோடு. ஒரு ஜன்னல் வழியாகக் காட்சி நேராகக் கண்ணுக்கு வருகிறது. இன்னொரு ஜன்னல் வழியாக வருவது, திரும்பக்கூடிய ஒரு சிறு கண்ணாடியில் பட்டு, முதல் காட்சியின் மேல் வந்து விழுகிறது. அதனால்தான் ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது. லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் லென்ஸ் முன்னும் பின்னும் நகரும். அதோடு தொட்டுக் கொண்டிருக்கும் ஒரு லீவர் கண்ணாடியையும் திருப்பும். இரண்டு பிம்பமும் ஒன்றோடு ஒன்று பொருந்தும் இடத்தில், லென்ஸ் அந்தப் பொருளுக்குச் சரியாக ஃபோகஸ் ஆகியிருக்கும்.

எவ்வளவு நுட்பமான வேலை என்று பாருங்கள். அடிக்கோடு 50 மில்லிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். 3 மீட்டரில் நிற்பவருக்கான கோணம் ஏறக்குறைய 0.95 டிகிரி. 6 மீட்டருக்குப் போனால் 0.48 டிகிரி. கண்ணாடி திரும்ப வேண்டியதோ இதிலும் பாதி. தூரம் கூடக் கூடக் கோணம் சுருங்குகிறது. ஆகவே அடிக்கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அளவு திருத்தமாக இருக்கும்.

கொஞ்சம் சரித்திரம்

ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்த லைக்கா காமிரா 1925-ல் விற்பனைக்கு வந்தது. அதில் தூரத்தைக் கண்ணால் உத்தேசித்து வைக்க வேண்டும், அல்லது தூரமானியைத் தனியாக மேலே செருகிக் கொள்ள வேண்டும். தூரமானியும் லென்ஸும் இணைந்து இயங்கும் லைக்கா 2, அதற்குப் போட்டியாக ஜைஸ் ஐகான் கம்பெனியின் கான்டாக்ஸ், இரண்டும் 1932-ல் வந்தன. 1954-ல் வந்த லைக்கா எம்3-ல் காட்சி பார்க்கும் ஜன்னலும் தூரம் பார்க்கும் ஜன்னலும் ஒன்றாயின. சோவியத் நாட்டில் கார்கோவ் நகரில் 1934 முதல் ஃபெட் காமிரா செய்தார்கள். ஜப்பானின் யாஷிகா எலெக்ட்ரோ 35 என்பது 1966-ல் வந்தது. 1948 ஜனவரி 30 அன்று, காந்திஜி சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்துப் படம் எடுத்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளெல்லாம் பெரும்பாலும் கையாண்டது லைக்காவைத்தான்.

இந்தக் காமிராவில் எஸ்.எல்.ஆர். காமிரா போல டப்பென்று எழும்பும் கண்ணாடி கிடையாது. ஆகையால் சத்தம் குறைவு. படம் விழும் நொடியிலும் எதிரில் இருப்பவரின் முகம் நம் கண்ணை விட்டு மறையாது. குறைகளும் உண்டு. நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, பக்கத்து ஜன்னல் வழியாக. மிகக் கிட்டத்தில் எடுத்தால், நாம் பார்த்த எல்லைக்கும் படத்தில் விழுந்த எல்லைக்கும் வித்தியாசம் வரும். லென்ஸ் மூடியைக் கழற்றாவிட்டாலும் ஜன்னலில் எல்லாம் பளிச்சென்றே தெரியும். ஒரு பொங்கல் விழாவில் அடியேன் மூடியோடு 36 படம் எடுத்துச் சாதனை புரிந்திருக்கிறேன். அன்று கோலப் போட்டியில் பரிசு வாங்கிய மாமி நெடுநாள் என்னோடு பேசவில்லை.

அம்மாவின் படம்

மூடியை மறந்தது சிரிப்பாகப் போயிற்று. இன்னொன்று அப்படிப் போகவில்லை.

1986-ல் அம்மா எங்களைப் பார்க்க கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வந்திருந்தாள். அம்பாசமுத்திரத்தை விட்டு அதிகம் வெளியே போகாதவள். ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் மாலை, குவார்ட்டர்ஸ் வாசல்படியில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தேன். உதகை தொழிற்சாலையில் செய்த 'இந்து' கருப்பு வெள்ளை பிலிம். வெளிச்சம் மங்கியதால் லென்ஸை எஃப்/2-க்கு முழுதாகத் திறந்தேன். அம்மா 2 மீட்டர் தூரத்தில் இருந்தாள். இரண்டு பிம்பமும் ஒன்றாகிவிட்டதை நன்றாகப் பார்த்துத்தான் பட்டனை அமுக்கினேன்.

பிரிண்ட் வந்தபோது முகம் கலங்கிக் கிடந்தது. படிக்கு முன்னால் தரையில் காலையில் அவள் போட்ட கோலம் மட்டும் புள்ளி புள்ளியாகத் துல்லியம். காரணம் பிறகுதான் விளங்கிற்று. பத்து நாள் முன்பு காமிரா ட்ராலியிலிருந்து ஜல்லியில் விழுந்திருந்தது. வெளியே கீறல்கூட இல்லை என்று துடைத்து வைத்துவிட்டேன். உள்ளே கண்ணாடி பிசகி, 2 மீட்டர் என்று காட்டிய இடத்தில் லென்ஸ் 1.5 மீட்டருக்கு நின்றிருக்கிறது. இதற்கு அந்தக் கண்ணாடி கால் டிகிரி நகர்ந்தாலே போதும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப்/2-ல் 2 மீட்டருக்கு வைத்தால், தெளிவாக விழுவது மொத்தம் 19 சென்டிமீட்டர் ஆழம்தான். எஃப்/8 ஆக இருந்தால் அது 80 சென்டிமீட்டர் இருக்கும்.

1676 மில்லிமீட்டர் கேஜை நித்தம் அளந்து பார்த்து, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கேங்மேன்களிடம் கத்தியவன் நான். என் காமிராவை அளந்து பார்க்கவில்லை. அடுத்த வருஷம் அம்மா போய்விட்டாள். அந்தப் படத்தை யாருக்கும் காட்டாமல் உள்ளேயே வைத்திருந்தேன்.

சரிபார்க்கும் முறை

பழைய காமிராவைப் பரணிலிருந்து இறக்கும் அன்பர்கள், முக்கியமான படம் எடுக்குமுன் இரண்டு சோதனை செய்து கொள்ளுங்கள்.

முதலாவது: லென்ஸை முடிவிலிக் குறிக்கு வைத்து, ஒரு கிலோமீட்டராவது தள்ளியுள்ள செல்போன் கோபுரத்தையோ நிலாவையோ பாருங்கள். இரண்டு பிம்பமும் ஒன்றாக விழ வேண்டும். விலகி நின்றால் தூரமானி பிசகியிருக்கிறது.

இரண்டாவது: பிலிம் போடாமல் பின்கதவைத் திறந்து, பிலிம் செல்லும் இடத்தில் ட்ரேசிங் பேப்பரைத் தட்டையாக ஒட்டி, ஷட்டரை 'பி'-யில் திறந்து வையுங்கள். சரியாக 2 மீட்டரில் ஒரு விளக்கை வைத்து, தூரமானியில் பிம்பங்களைப் பொருத்துங்கள். பேப்பரில் விளக்கு கூர்மையாகத் தெரிய வேண்டும். பிம்பம் பக்கவாட்டில் நகர்வதால், பொருத்திப் பார்க்கச் செங்குத்தான கோடே உகந்தது: கதவு நிலை, கம்பம், சட்டைப் பட்டன் வரிசை.

படத்தைப் பேசுவது

அந்த அம்மா படத்தைத்தான் சென்ற கூட்டத்தில் கடைசியாக மேஜையில் வைத்தேன், எப்படி எடுக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாக. எல்லோரும் ஃபோகஸைப் பற்றிப் பேசிக் கொண்டிருக்க, ஓர் அம்மையார் படத்தைக் கையில் எடுத்து, விரலால் எண்ணத் தொடங்கினார். "பதினைஞ்சு புள்ளி, இடுக்குப் புள்ளி, எட்டு வரைக்கும். இது எங்க திருநெல்வேலிப் பக்கத்துக் கோலமில்லையா? எங்க ஆத்தா போடுவா. எனக்கு மறந்தே போச்சு" என்றார். காமிரா கெட்டுப் போச்சா என்று கேட்ட அதே பெண், தன் நோட்டில் அதைப் பார்த்து வரைந்து கொண்டாள்.

எனக்கு அன்று தெரிந்த பாடம் இது. படத்தைப் பேச உட்கார்ந்தால், முதலில் எங்கே கூர்மையாக இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஓரங்களைப் பாருங்கள். எடுத்தவர் கவனிக்காதது அங்கேதான் இருக்கும். அப்புறம் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேளுங்கள். பதிலைப் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். வெளியூரில் பிறந்த நம் பேரக் குழந்தைகளுக்கு ஆச்சி வீட்டு வாசலைக் காட்ட வேறு என்ன இருக்கிறது?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு படம் கொண்டு வாருங்கள். கலங்கிய படமானாலும் சரி. முகம் தெரியவில்லையே என்று நான் செய்தது போல உள்ளே வைத்துப் பூட்டி விடாதீர்கள்.