குடலில் வாழும் குடிகள்

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்னும் சிற்றூர் உள்ளது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்குப் பெருமழை பெய்தது. அருகிலிருந்த பண்ணையின் சாணத்தை மழைநீர் ஊர்க் குடிநீர்க் கிணற்றிற் கொண்டுபோய்ச் சேர்த்தது. நீரிலோ போதிய குளோரின் கலக்கப்பெறவில்லை. அதனைப் பருகி ஏறத்தாழ 2,300 பேர் கடுங்கழிச்சலுற்றனர். 7 பேர் மாண்டனர்.

நோய்க்கிருமிகள் அகன்ற பின்னரும் பலருடைய வயிறு பழைய நிலையை எய்தவில்லை. வலியும் உப்புசமும் ஓயவில்லை. ஒருநாள் கழிச்சல், மறுநாள் மலச்சிக்கல். இதனை எரிச்சற்குடல் நோய் என்பர். குழாய் செலுத்திக் குடலை நோக்கினும் புண்ணோ கட்டியோ புலப்படாது. ஆதலின், 'இஃது உன் மனப்பிரமை' என்று நோயாளரைக் கடிந்து அனுப்புவாரும் உளர். அது கொடுமையேயன்றி மருத்துவமாகாது. வாக்கர்ட்டன் மக்களை மருத்துவ அறிஞர் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின், அன்று நோயுற்றதாக மருத்துவக் குறிப்புள்ளோருள் 100க்கு 36 பேரிடமும், நோயுறாதோருள் 100க்கு 10 பேரிடமும் இத்துன்பம் காணப்பட்டது. மனப்பிரமை கிணற்று நீரின் வழியே பரவுமோ?

உறையிட்ட பால் தயிராவது நுண்ணுயிர்களின் தொழில் என்பதை யாவரும் அறிவர். அத்தகைய தொழிற்சாலையொன்று நம் பெருங்குடலிலும் இடையறாது நடைபெறுகின்றது. நம்மாற் செரிக்கவியலாத நார்ப்பொருளைக் கோடானுகோடி பாக்டீரியாக்கள் புளிக்கச்செய்து, அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகியவற்றை ஆக்குகின்றன. இவற்றுள் பியூட்டிரேட்டே பெருங்குடற் சுவரின் உயிரணுக்களுக்குத் தலையாய உணவு. கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களையும் பாக்டீரியாக்கள் உருமாற்றுகின்றன. அவ்வமிலங்கள் பெருங்குடலில் மிகுந்தால் நீர் சுரந்து கழிச்சல் உண்டாகும். குடலின் அசைவை ஆளும் செரட்டோனின் உடலில் உள்ளதில் 100க்கு 90 பங்குக்கு மேல் குடலிலேயே உண்டாகின்றது. அதன் அளவிலும் இந்நுண்ணுயிர்களுக்குப் பங்குண்டு.

எரிச்சற்குடல் நோயாளர் பலரிடத்தில் இக்குடிகளின் வகையும், அவை ஆக்கும் பொருள்களின் அளவும் மாறியுள்ளன. எனினும் எல்லாரிடத்தும் ஒரே மாற்றம் காணப்படவில்லை. மாற்றத்தால் நோயா, நோயால் மாற்றமா என்னும் வழக்கும் தீர்ந்தபாடில்லை.

வெங்காயம், பூண்டு, கோதுமை முதலியவற்றிலுள்ள சில சர்க்கரைப் பொருள்கள் விரைவிற் புளித்துக் காற்றை உண்டாக்குவன. பிறர் உணராத அக்காற்றும் கூருணர்வுடைய குடலுக்குப் பெருவலியாகும். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழக அறிஞர்கள் இவற்றைச் சில வாரங்கள் விலக்கி, பின் ஒவ்வொன்றாகச் சேர்க்கும் உணவுமுறையை வகுத்தனர். பலர் அதனால் நலம் பெற்றனர். நெடுநாள் விலக்கிவைத்தலோ ஆகாது. அவ்வுணவையே நம்பி வாழும் பிஃபிடோபாக்டீரியா என்னும் நற்குடிகள் பட்டினியாற் குறைந்துவிடுகின்றன.