வெட்டு உத்தரவும் கார்டிசாலும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் கச்சிராயபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், கோமுகி அணைத் தண்ணீரையும் கிணற்றையும் நம்பிக் கரும்பு வைக்கும் குடும்பங்களுக்கு அச்சம் இரண்டு வழிகளில் வருகிறது: ஒன்று கரும்புச் சோகைக்கு அடியில் சுருண்டு கிடக்கும் பாம்பு, மற்றது கரும்பை வெட்டலாம் எனச் சர்க்கரை ஆலை தரும் வெட்டு உத்தரவுக்கும் அதன் பின்னர்க் கரும்புப் பணத்துக்கும் காத்திருக்கும் மாதங்கள். மனித உடல் இவ்விரண்டையும் ஏறத்தாழ ஒரே கருவிகளைக் கொண்டு எதிர்கொள்கிறது. ஆனால் அக்கருவிகள் பாம்புக்காக அமைந்தவையே தவிர, காத்திருப்புக்காக அமைந்தவை அல்ல.

பாம்பைக் கண்ட நொடியில், சிறுநீரகங்களின் உச்சியில் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள், பரிவு நரம்பு மண்டலத்தின், அதாவது உடலை அவசரச் செயலுக்குத் தயார்ப்படுத்தும் நரம்புத் தொகுதியின், தூண்டுதலால் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. அதனால் இதயம் விரைந்து துடிக்க, கல்லீரல் தன் சேமிப்பிலுள்ள சர்க்கரையை வெளியிட, குடலுக்குப் போகவேண்டிய இரத்தத்தின் ஒரு பகுதி கைகால் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. ஹார்வர்டு உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் 'போராடு அல்லது ஓடு' என்று விளக்கிய எதிர்வினை இதுவே. வெட்டுக்காரர் விலகி ஓடி, பாம்பும் வரப்பைத் தாண்டியபின், இணைப்பரிவு நரம்பு மண்டலம் என்னும் எதிர்த்தொகுதி உடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

காத்திருப்புக்கு இப்படி ஒரு முடிவு கிடையாது. முற்றிய கரும்பு உரிய காலத்தில் வெட்டப்படாவிட்டால் சர்க்கரைச் சத்து குறைகிறது, வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் எடை இறங்குகிறது, கடன் வட்டியோ ஒருநாளும் ஓய்வதில்லை. இத்தகைய நீண்ட கவலையில் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியையும், அது அட்ரீனலின் புறப்பகுதியையும் ஏவ, கார்டிசால் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. அளவோடு சுரந்தால் காலையில் எழுந்து வேலைக்குப் போகும் தெம்பைத் தருவதும் அதே கார்டிசால்தான். மாதக்கணக்கில் மிகுந்து நின்றால் இரத்தச் சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஏற்றி, உறக்கத்தையும் நோய் எதிர்ப்பையும் குலைக்கிறது. வெவ்வேறு கேடுகளுக்கு ஆளான எலிகளிடம் அட்ரீனல் வீக்கம், இரைப்பைப் புண் முதலிய ஒரே வகை மாற்றங்களைக் கண்டு 1936இல் அறிவித்தவர் நாளமில்லாச் சுரப்பி ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே. உடல் இவ்வாறு தேய்ந்து சுமக்கும் பாரத்தை அளந்தறியும் கருத்தை 1990களில் வளர்த்தவர் நரம்பறிவியலாளர் புரூஸ் மெக்யூவன்.

ஐயநிலையே பெருஞ்சுமை என்பதற்கு விந்தையான சான்றொன்று உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கணினித் திரையில் தோன்றும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்குமா என்று பங்கேற்றோர் ஊகிக்கவேண்டும். பாம்பு இருந்தால் கையில் மின்னதிர்ச்சி விழும். அதிர்ச்சி உறுதி என்று தெரிந்தபோது இருந்ததைவிட, விழலாம், விழாமலும் போகலாம் என்று சரிபாதி ஐயம் நிலவியபோதுதான் அவர்களின் உடல் மிகுந்த பதற்றத்தைக் காட்டியது. கரும்புப் பணம் எப்போது வரும் என்று தெரியாத வீட்டுக்கு இதைச் சொல்ல லண்டன் தேவையில்லை.

கச்சிராயபாளையம் பகுதியில் இந்தச் சுமை மனத்தின் பெயரால் பேசப்படுவது அரிது. 'நெஞ்சு படபடங்குது', 'வயித்தக் கலக்குது', 'ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல' என்றுதான் மருத்துவரிடம் வருகிறார்கள். வயிற்றுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தப் படபடப்பு கற்பனையன்று, மேலே சொன்ன அட்ரினலினின் வேலை என்பதை விளக்கினாலே பலருக்குப் பாதி அச்சம் தணியும். எனினும் நெஞ்சுவலியைக் கவலை என்று தாமே முடிவுகட்டிவிடாமல் முதலில் பரிசோதித்துக்கொள்வது இன்றியமையாதது. இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் அரைமணி நேரம் தேநீரும் புகையிலையும் தவிர்த்து, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்கவேண்டும். ஓடிவந்த மூச்சோடு பார்த்த ஒரேயோர் அளவை வைத்து நோயாளி என்று முடிவுசெய்வது தவறு.

அனுபவத்தில் பயன் தரும் வழிகள் எளியவை. உள்ளிழுப்பதைவிட மெல்ல மூச்சை வெளிவிட்டு, நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில் சில நிமிடங்கள் இருந்தால் இதயத் துடிப்பு தணியும். ஆலையில் கரும்பைப் பதிவு செய்த நாள், வரவேண்டிய தொகை, கட்டவேண்டிய வட்டி ஆகியவற்றை நோட்டில் எழுதிவைத்தால், நள்ளிரவில் மனத்துக்குள் கணக்குப் போடும் வேலை குறையும். மது உறக்கத்தைத் தருவதுபோலத் தோன்றினாலும் பின்னிரவில் அதைக் கலைத்துவிடுகிறது. கள்ளச்சாராயத்தின் விலை என்னவென்பதை, 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டோரை இழந்த கள்ளக்குறிச்சிக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தனிமனிதரின் மூச்சுப் பயிற்சியால் நிலுவைத் தொகை வந்துசேராது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு ஒப்படைத்த 14 நாட்களுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேரவேண்டும் என்கிறது. அந்த விதியை நடைமுறைப்படுத்துவதைப் பொதுச் சுகாதார நடவடிக்கையாகவும் கருதவேண்டும். அதுவரை, உறக்கமின்மையோ வாழ்வின் மீது வெறுப்போ நீடித்தால், டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணை அழைத்துக் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.