மதர்போர்டில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

அன்புள்ள யாழினி,

ரைசன் 5 7600 என்று பிராசஸரை முடிவு செய்துவிட்டாய். ஓவர்கிளாக் செய்யத் தோதான மதர்போர்டு வேண்டும், கையில் இருப்பது கொஞ்சம்தான், கடைக்காரரோ எக்ஸ்870 போர்டு எடுக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். அந்த போர்டு உனக்கு வேண்டாம். மாடல் பெயரை மட்டும் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் மாடல்கள் வருஷத்துக்கு வருஷம் மாறும். காரணம் தெரிந்துவிட்டால் அடுத்த முறை என்னைக் கேட்காமலே நீ வாங்குவாய்.

ஓவர்கிளாக் என்றதும் வயதானவர்கள் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும், கவனித்திருக்கிறாயா? அதற்குக் காரணம் 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ. போர்டு தரும் 66 மெகாஹெர்ட்ஸை நாலரையால் பெருக்கி 300-ல் ஓடும் மலிவான பிராசஸர் அது. போர்டின் வேகத்தை 100 ஆக்கினால் அதே பிராசஸர் 450-ல் ஓடியது. அப்போது இன்டெல் விற்ற பென்டியம் 2-களில் உச்சியில் இருந்ததும் 450தான். இதற்கு எல்லோரும் தேடி வாங்கிய போர்டு அபிட் நிறுவனத்தின் பிஎச்6. அதன் 440பிஎக்ஸ் சிப்செட் 100 மெகாஹெர்ட்ஸுக்கென்றே செய்யப்பட்டது; வேகத்தையும் வோல்டேஜையும் ஜம்பர் மாற்றாமல் பயாஸிலேயே மாற்ற முடிந்தது. அசையாத மின்சாரமும் திறந்த பயாஸும்தான் அந்தக் காலத்துப் பிள்ளைகள் போர்டிடம் காசு கொடுத்து வாங்கியவை. இன்றும் ஓவர்கிளாக்குக்காக வாங்க வேண்டியவை அவைதான். மற்றதெல்லாம் அலங்காரம், அல்லது வேறு வசதி.

ஆனால் லாபக் கணக்கு மாறிவிட்டது. செலரானில் கிடைத்தது 50 சதவீதம். உன் 7600 பெட்டியிலிருந்து எடுத்தபடியே 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை தானே ஏறும். அதன் அண்ணன் 7600எக்ஸ் 5.3 வரை. இரண்டிலும் அதே ஆறு கோர்கள். உன் ஓவர்கிளாக் வெற்றியாக முடிந்தால் தம்பி அண்ணனாவான், அவ்வளவுதான். ஏறக்குறைய 4 சதவீதம். அதனால் கடையில் ஒரு கணக்குப் போட்டுப் பார். சாதாரண நல்ல போர்டுக்கும் கண்ணைப் பறிக்கும் போர்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் மேல்நிலை பிராசஸர் ஒன்று கிடைக்கும் என்றால், பிராசஸரையே மேலே எடு. எல்லா கோர்களையும் பயன்படுத்தும் வேலைகளில், எட்டு கோர் வாங்கினால் வரும் பலனை ஆறு கோரை எவ்வளவு முறுக்கினாலும் எட்ட முடியாது.

சிப்செட் விஷயம் சுருக்கமானது. இன்டெல் 2011-ல் சாண்டி பிரிட்ஜ் வந்ததிலிருந்து பெருக்கலை மாற்றும் உரிமையைத் தன் கே வகைப் பிராசஸர்களுக்கென்று ஒதுக்கிவிட்டது. இப்போது அதைப் பயன்படுத்த இசட் வரிசை போர்டும் வேண்டும். இரண்டுமே விலை கூடியவை. ஏஎம்டி அந்த வழியில் போகவில்லை. ஏஎம்5 சாக்கெட்டில் பி650, பி850 போர்டுகளிலேயே ஓவர்கிளாக் திறந்திருக்கிறது. ஏ620-லும் பி840-லும்தான் பிராசஸரைத் தொட முடியாது. ராமை மட்டும் வேகப்படுத்தலாம். பி850-ஐயும் பி840-ஐயும் அவசரத்தில் மாற்றி எடுத்துவிடாதே, பெட்டியைப் பார்த்து வாங்கு. எக்ஸ்870-ல் கூடுதலாகக் கிடைப்பது யுஎஸ்பி4 போன்ற இணைப்புகள். ஓவர்கிளாக் உரிமையில் பி650-க்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

இனி உண்மையான வேலைக்கு வருவோம். பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வருவது 12 வோல்ட். பிராசஸருக்கு வேண்டியது ஏறக்குறைய 1.2 வோல்ட். நடுவில் அதை இறக்கிக் கொடுப்பது விஆர்எம் என்கிற பகுதி. போர்டின் படத்தை எடுத்துப் பார்: சாக்கெட்டின் இடப்பக்கமும் மேலேயும் சாம்பல் நிறத்தில் சின்னச் சதுரக் கட்டிகள் வரிசையாக இருக்கும். அவை சோக். ஒவ்வொன்றின் பக்கத்திலும், பெரும்பாலும் ஹீட்சிங்குக்கு அடியில், கறுப்பாக ஒரு மாஸ்ஃபெட் சில்லு. ஒரு சோக்கும் அதன் சில்லும் சேர்ந்தது ஒரு ஃபேஸ்.

கோர்கள் 120 வாட் இழுக்கின்றன என்று வை. 1.2 வோல்ட்டில் அது 100 ஆம்பியர். வீட்டு ஏசி இழுப்பதைப்போலப் பத்து மடங்குக்கு மேல், ஒரு உள்ளங்கை அகலத்துக்குள். இதை நாலு ஃபேஸ் சுமந்தால் ஆளுக்கு 25 ஆம்பியர். பத்து ஃபேஸ் சுமந்தால் ஆளுக்குப் பத்து. கம்பியில் வீணாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பள்ளியில் படித்தாயே, இங்கே போட்டுப் பார். 25-ன் வர்க்கம் 625, நாலால் பெருக்கினால் 2500. பத்தின் வர்க்கம் 100, பத்தால் பெருக்கினால் 1000. ஒரே மாதிரிச் சில்லாக இருந்தால், அதே வேலைக்கு நாலு ஃபேஸ் போர்டில் மின்தடையால் வரும் சூடு இரண்டரை மடங்கு.

இதற்காக 20 ஃபேஸ் போர்டு தேட வேண்டாம். ஒவ்வொரு சில்லும் 50 ஆம்பியரோ 60 ஆம்பியரோ தாங்குவதாக இருந்து, கோர்களுக்கென்று எட்டோ பத்தோ ஃபேஸ் இருந்தால் உன் 7600-க்குத் தாராளம். நாளைக்கு அதே போர்டில் எட்டு கோர் பிராசஸரைப் போட்டாலும் அது அசராது. பெட்டியில் 12+2+1 என்று போட்டிருந்தால் முதல் எண்தான் கோர்களுக்கு. அந்தப் பன்னிரண்டும் பல போர்டுகளில் ஆறு சிக்னலுக்கு இரட்டை இரட்டையாகக் கட்டியவை. அதில் குற்றமில்லை, சூடு பரவுகிறதே. நான் விடாப்பிடியாகச் சொல்வது ஹீட்சிங்க் பற்றித்தான். என் மேசைக்கு வந்த ஒரு போர்டில் விஆர்எம் மேல் எதுவுமே இல்லை. வீடியோ ரெண்டர் ஓடவிட்டால் பிராசஸர் நிம்மதியாக 70 டிகிரியில் இருக்கும், விஆர்எம் மட்டும் 110-ஐத் தாண்டும், வேகம் தானாக விழும். மதுரை மாடி அறையில், மே மாதத்தில், ஃபேன் காற்றே 38 டிகிரியில் வருகிறபோது இதெல்லாம் இன்னும் மோசமாகும். வழவழப்பான தகடும் எழுத்து விளக்குமாக இருப்பதைவிட, பள்ளம் பள்ளமாக வெட்டிய கனமான அலுமினியக் கட்டியே காற்றுக்குச் சூட்டை நன்றாகக் கொடுக்கும். டவர் கூலர் போட்டால் அதன் காற்றில் கொஞ்சம் விஆர்எம் மீதும் படும். தண்ணீர் கூலரில் அந்த உதவி இருக்காது.

வோல்டேஜில் கை வைக்கும் முன் இதையும் நினைவில் வை. பிராசஸர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 5 சதவீத வேகத்துக்காக 10 சதவீத வோல்டேஜ் கொடுத்தால் மின்செலவு ஏறக்குறைய 27 சதவீதம் கூடும். ஆகவே நீ போக வேண்டியது எதிர்த்திசையில். பயாஸில் பிபிஓ பகுதிக்குள் கர்வ் ஆப்டிமைசர் இருக்கும். அதில் எல்லா கோருக்கும் நெகட்டிவ் 10 கொடு, சோதித்துப் பார், பிறகு 15, 20 என்று இறங்கு. வோல்டேஜ் குறையக் குறையச் சூடு குறையும், மிச்சமான இடத்தில் பிராசஸர் தானே வேகம் ஏற்றிக்கொள்ளும். எனக்கு இதுதான் இன்றைய ஓவர்கிளாக்கில் அழகான பகுதி. சோதனையில் தேறியதுபோல் இருந்துவிட்டு, சும்மா இருக்கும்போது கணினி மறுபடி பூட் ஆனால் இரண்டு படி பின்னால் வா.

விளையாட்டுகளில் இதைவிடப் பலன் தருவது பெரும்பாலும் ராம். டிடிஆர்5-6000 வேக ராமை இரண்டு துண்டாக வாங்கி, ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்போ என்ற அமைப்பை பயாஸில் ஆன் செய். செய்யாவிட்டால் அது 4800-லேயே ஓடிக்கொண்டிருக்கும், கொடுத்த காசு வீண். நாலு துண்டு போடாதே. ரைசன் 7000-ல் நாலு துண்டுக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 3600தான். இரண்டே ஸ்லாட் உள்ள மலிவு போர்டைப் பார்த்து முகம் சுளிக்கவும் வேண்டாம், உனக்கு அதுவே போதும். நாலு ஸ்லாட் இருந்தால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடு.

பயாஸைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. 2023-ல் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில சாக்கெட்டோடு கருகிப்போயின. எக்ஸ்போ ஆன் செய்ததும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை, அதாவது பிராசஸருக்குள் ராமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போகும் வோல்டேஜை, அளவுக்கு மேல் ஏற்றிவிட்டன. ஏஎம்டி பிறகு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு கட்டி, புது பயாஸ் வழியாக எல்லா போர்டுக்கும் அதைக் கொண்டுபோனது. அதனால்தான் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தானுக்குக் காசு கொடுக்கலாம் என்கிறேன்: பிராசஸரே இல்லாமல் பென்டிரைவ் ஒன்றால் பயாஸை மாற்றிவிடலாம். கணினி பூட் ஆகாதபோது எங்கே மாட்டிக்கொண்டது என்று காட்டும் நாலு சின்ன விளக்குகளும் வேண்டும். வாங்குமுன் அந்த மாடலுக்குக் கடைசியாக எப்போது பயாஸ் வெளியிட்டார்கள் என்று நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிடு. ஓவர்கிளாக்கில் பிராசஸர் கெட்டால் வாரண்டி கைகொடுக்காது. எக்ஸ்போவையும் ஏஎம்டி ஓவர்கிளாக் கணக்கில்தான் வைத்திருக்கிறது.

கலர் விளக்கு, மூன்றாவது, நாலாவது எஸ்எஸ்டி ஸ்லாட், அதிவேக லேன் இவற்றுக்கு உன் பட்ஜெட்டில் இடமில்லை. வைஃபை மட்டும் உன் அறைக்கு கேபிள் வராது என்பதால் இருக்கட்டும்.

எல்லாம் பூட்டி முதல்முறை ஆன் செய்தால் திரை சில நிமிஷம் கறுப்பாகவே இருக்கும். ராம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். போர்டு டிடிஆர்5 ராமோடு ஒத்துப்போக எடுக்கும் நேரம் அது, பயந்துபோய் பவரை அணைத்துவிடாதே. பயாஸுக்குள் போனதும் பதிப்பு எண்ணையும் எஸ்ஓசி வோல்டேஜையும் குறித்துக்கொள். விண்டோஸ் ஏறிய பிறகு ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளை ஒரு மணி நேரம் ஓடவிட்டு விஆர்எம் சூடு எவ்வளவு என்று எனக்கு எழுது. அறையின் சூட்டையும் சேர்த்து எழுது, அது தெரியாமல் நான் ஒன்றும் சொல்ல முடியாது.

அன்புடன்,
மாமா