முகப்பரு உண்டாகும் காரணமும் அதன் வகைகளும்

கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் ஸ்ரீராமநவமி உற்சவத்திற்குக் கூடும் ஜனத்திரளில், முகத்தில் பருவுள்ள வாலிபர்களும் பெண்களும் பலர் இருப்பர். இஃது ஓர் ஊருக்கு மட்டும் உரிய தொந்தரவன்று. உலகமெங்கும் வாலிபப் பிராயத்தினரில் பெரும்பாலோர்க்கு ஏதேனும் ஓர் அளவில் பரு உண்டாகிறது. பெரியோர் “வயதுக்கு வந்தால் வருவதுதான்” என்று விட்டுவிடுகின்றனர். பிள்ளைகளோ வெட்கத்தினால் கடையில் கிடைத்த களிம்பை வாங்கித் தடவுகின்றனர். முன்னதால் மாறாத் தழும்பும், பின்னதால் தோலுக்குச் சேதமும் நேரக்கூடும். ஆகையால் குடும்பத்தலைவர் ஒவ்வொருவரும் இவ்விஷயத்தை அறிந்திருத்தல் அவசியம்.

காரணம்

மதகிலிருந்து வயலுக்கு நீர் செல்லும் வாய்க்காலில் குப்பை அடைத்துக்கொண்டால் நீர் தேங்கிக் கரை உடைவது குடியானவர்கள் அறிந்ததே. தோலிலுள்ள மயிர்க்கால் ஒவ்வொன்றும் அத்தகைய சிறு வாய்க்காலாகும். அதனையொட்டியுள்ள எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து ஒருவிதக் கொழுப்பு கசிந்து, மயிர்க்கால் வழியாக வெளிவந்து தோலை மெருகாக வைக்கிறது. பருவமடையும் காலத்தில் இருபாலார் உடலிலும் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் மிகுவதால் இக்கசிவு அதிகரிக்கிறது. மயிர்க்காலின் உட்புறத்தில் உதிரும் தோல்துகள்கள் அக்கொழுப்புடன் கலந்து வாயை அடைக்கின்றன. தோலில் இயற்கையாகவே வசிக்கும் ஒருவகைக் கிருமி அங்கே பெருகுகிறது. அதனால் அவ்விடம் சிவந்து வீங்குகிறது. கொழுப்பு மிகுதல், வாய் அடைபடல், கிருமி பெருகல், அழற்சி ஆகிய இந்நான்கும் சேர்ந்ததே பரு. தாய் தந்தையர்க்குப் பரு மிகுதியாக இருந்திருந்தால் பிள்ளைகளுக்கும் வருவதுண்டு.

வகைகள்

1. வெண்முனைப் பரு: மயிர்க்காலின் வாய் மூடியிருப்பதால் தோலின் நிறத்திலோ வெண்மையாகவோ சிறு புடைப்பாகத் தோன்றும்.

2. கருமுனைப் பரு: வாய் திறந்திருக்கும். அதன் கருமை அழுக்கன்று. தோலின் நிறப்பொருளும், காற்றுப்பட்டு மாறிய கொழுப்புமே அதற்குக் காரணம். ஆகவே தேய்த்துக் கழுவினால் போகாது.

3. செம்பரு: சிவந்து, தொட்டால் வலிக்கும்.

4. சீழ்ப்பரு: செம்பருவின் முனையில் சீழ் காணப்படும்.

5. கட்டிப்பரு: தோலின் ஆழத்தில் கெட்டியாகவோ சீழ்ப்பையாகவோ உண்டாகும். இதுவே பெரும்பாலும் ஆழ்ந்த தழும்பை விடுவது. முகத்தில் மட்டுமன்றி மார்பிலும் முதுகிலும் வரலாம்.

மாநிறமும் கருநிறமும் உள்ளவர்களுக்குப் பரு ஆறிய இடத்தில் கறுப்பு வடு பல மாதங்கள் நிற்பதுண்டு. பருவைக் கிள்ளுவதும் பிதுக்குவதும் அவ்வடுவையும் தழும்பையும் அதிகப்படுத்தும்.

தவிர்க்கத்தக்கவை

முகம் கழுவாததே காரணம் என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வது நியாயமன்று. நாளைக்கு இருமுறை மிருதுவான சோப்பினால் கழுவுதல் போதும். அதிகம் தேய்த்தால் தோல் புண்படும். தலையில் தேய்த்த எண்ணெய் நெற்றியில் வழிந்து நிற்பதும் அங்கே பருவை உண்டாக்கலாம்.

எல்லாவற்றிலும் அபாயமானது ஸ்டிராய்டு கலந்த களிம்பு. தடவிய சில நாட்களில் முகம் வெளுத்துத் தெளிந்தாற்போலத் தோன்றும். நாளடைவில் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து, முன்னினும் அதிகமாகப் பரு கிளம்பும். இத்தகைய 14 வகை மருந்துகளை வைத்தியர் சீட்டின்றி விற்றலாகாது என்று இந்திய அரசாங்கம் 2018-ஆம் ஆண்டில் விதித்தது. சிநேகிதர் சொன்னார், கடைக்காரர் கொடுத்தார் என்று இவற்றை வாங்குதல் கூடாது.

செய்யத்தக்கவை

வெண்முனை, கருமுனைப் பருக்களுக்கும் சொற்பமான செம்பருக்களுக்கும் பென்சாயில் பெராக்சைடு, அடாபலின் முதலிய பூச்சு மருந்துகள் குணம் தரும். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேளாமல் எதனையும் பூசலாகாது. எந்த மருந்தாயினும் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் செல்லும். பத்து நாளில் பலனில்லையென்று மருந்தை மாற்றிக்கொண்டிருப்பது வீண் செலவேயாகும்.

கட்டிப்பரு கண்டாலும், தழும்பு விழத் தொடங்கினாலும் தாமதமின்றித் தோல் வைத்தியரிடம் செல்லவேண்டும். பெண்களுக்குப் பருவோடு மாதவிலக்குத் தவறுதலும் முகத்தில் மயிர் வளர்தலும் சேர்ந்திருந்தால், அது சினைப்பைக் கோளாறின் அறிகுறியாகலாம். அதற்கும் பரிசோதனை தேவை. கல்லங்குறிச்சிக்கு அருகிலுள்ள அரியலூரில் 2022-ஆம் ஆண்டில் அரசினர் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளது. களிம்புக்குச் செலவிடும் பணத்தை நிறுத்தி, பிள்ளையை ஒருமுறை அரசினர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுதல் மேல்.

பருவினால் கூச்சமுற்று, பள்ளிக்கூடத்திற்கும் விசேஷங்களுக்கும் போக மறுக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களைப் பரிகசியாமல், இது பலருக்கும் வருவதே, சிகிச்சையும் உண்டு என்று எடுத்துச் சொல்லுதல் பெற்றோர் கடமை. சங்க அங்கத்தினர்கள் மாதக் கூட்டத்தில் இவ்விஷயத்தை வாசித்து, வீட்டிலுள்ளோர்க்கும் தெரிவிப்பார்களாக.