கணினி விழிக்காதபோது

(அறிவியல் கட்டுரை)

கற்றல் நோக்கங்கள்
• கணினி இயங்கத் தொடங்கும் முறையைப் படிப்படியாக விளக்குதல்
• அறிகுறியிலிருந்து பழுதின் இடத்தை உய்த்தறிதல்
• நிபந்தனை எச்சத்தை அறிந்து பயன்படுத்துதல்

நுழையும்முன்

மாணவர்களே! நாளை ஒப்படைக்க வேண்டிய செயல்திட்டம் வீட்டுக் கணினியில் இருக்கிறது. பொத்தானை அழுத்துகிறீர்கள், திரை இருண்டே கிடக்கிறது. மீண்டும் மீண்டும் அழுத்துகிறீர்கள். தம்பி பெட்டியைத் தட்டிப் பார்க்கிறான். ‘கணினி கெட்டுவிட்டது’ என்று வீடு முழுவதும் பேச்சாகிறது.

‘கெட்டுவிட்டது’ என்னும் சொல் நம் வருத்தத்தைக் கூறுகிறது, பழுதைக் கூறவில்லை. ‘எந்த இடத்தில் நின்றது?’ என்று கேட்டுப் பாருங்கள். அவ்வினா நம்மை விடைக்கு அருகில் அழைத்துச் செல்லும்.

1. தொடக்கத்தின் ஐந்து படிகள்

பொத்தானை அழுத்துவதற்கும் முகப்புத் திரை தோன்றுவதற்கும் இடையே சிறிது நேரமே கழிகிறது. அதற்குள் ஐந்து பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறுகின்றன.

முதற்படி மின்சாரம். நம் வீட்டுச் சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் அளவுள்ள மாறுதிசை மின்னோட்டம். கணினியின் நுண்ணிய உறுப்புகள் அதனைத் தாங்கா. மேசைக் கணினியின் பெட்டிக்குள் இருக்கும் மின்வழங்கி அதனை 12, 5, 3.3 வோல்ட் அளவுள்ள நேர்திசை மின்னோட்டமாக மாற்றி உறுப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது.

இரண்டாம் படி தன்சோதனை. தாய்ப்பலகையில் உள்ள ஒரு சில்லில் சிறு நிரல் ஒன்று பதிந்திருக்கிறது. அதற்கு நிலைப்பொருள் என்று பெயர். பழைய கணினிகளில் அது ‘பயாஸ்’ எனப்பட்டது. இக்காலக் கணினிகளில் ‘யூஇஎஃப்ஐ’ எனப்படுகிறது. செயலி, நினைவகம், காட்சிப் பகுதி முதலியன முறையாக உள்ளனவா என்று அது சோதிக்கிறது.

மூன்றாம் படி தேடல். இயங்குதளம் எந்த வட்டில் உள்ளது என்று நிலைப்பொருள் தேடுகிறது.

நான்காம் படி ஏற்றுதல். விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் வட்டிலிருந்து நினைவகத்திற்கு ஏற்றப்படுகிறது.

ஐந்தாம் படி நுழைவு. கடவுச்சொல்லைக் கேட்கும் திரை தோன்றுகிறது.

ஒவ்வொரு படியும் தனக்கு முந்தைய படியின்மேல் நிற்கிறது. ஆகவே, திரையில் ஒரு வரி எழுத்தேனும் தோன்றினால் முதற்படி நிறைவேறிவிட்டது என்றும், இரண்டாம் படியும் பெரும்பாலும் நிறைவேறிவிட்டது என்றும் கொள்ளலாம். பழுதைத் தேட வேண்டிய பரப்பு அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

2. நின்ற இடத்தை அறிதல்

(அ) ஒலியும் இல்லை, ஒளியும் இல்லை

இது முதற்படியில் நேர்ந்த தடை. கணினியைத் திறப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கைச் செருகுங்கள். விளக்கு எரியாவிட்டால் குறை கணினியில் இல்லை. விளக்கு எரிந்தால், எக்ஸ்டென்ஷன் பெட்டியை நீக்கிவிட்டுக் கணினியை நேராகச் சுவரில் இணைத்துப் பாருங்கள். மின்கம்பியின் இரு முனைகளும் இறுக்கமாகப் பொருந்தியுள்ளனவா? பல மேசைக் கணினிகளில் பெட்டியின் பின்புறம் மின்வழங்கிக்கென ஒரு சிறு ஆளி உண்டு. வீட்டைப் பெருக்கும்போது கைபட்டு அது அணைந்திருக்கக் கூடும்.

மடிக்கணினியாயின், மின்னேற்றியையும் வெளியில் இணைத்த பிற கருவிகளையும் கழற்றிவிட்டு, தொடக்கப் பொத்தானை ஏறத்தாழ 30 நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். பின்னர் மின்னேற்றியை மட்டும் இணைத்துத் தொடங்குங்கள். உள்ளே எஞ்சியிருந்த மின்னூட்டம் நீங்கியதும் பல மடிக்கணினிகள் எழுந்துவிடுவதுண்டு.

(ஆ) விசிறி சுழல்கிறது, திரை இருண்டுள்ளது

முதலில் திரையையே ஐயுறுங்கள். திரையகத்திற்குத் தனி மின்கம்பியும் தனிப் பொத்தானும் உண்டு. அதன் சிறு விளக்கு எரிந்தும் படம் தோன்றாவிட்டால், கணினியையும் திரையையும் இணைக்கும் கம்பியைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். கணினியில் தனிக் காட்சி அட்டை இருப்பின், கம்பி தாய்ப்பலகையின் துளையில் அன்றி அந்த அட்டையின் துளையில் இருத்தல் வேண்டும்.

திரை நலமாக இருந்தும் இருள் நீங்காவிட்டால், தடை தன்சோதனையில் இருக்கலாம். அப்பொழுது சில கணினிகள் ‘பீப்’ என்று ஒலியெழுப்பும். எத்தனை ஒலி, அவற்றுள் குறில் எத்தனை, நெடில் எத்தனை என்று எண்ணிக் குறித்துக் கொள்ளுங்கள். ஒலிகளின் பொருள் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். தாய்ப்பலகையின் கையேட்டில் அதற்கான பட்டியல் இருக்கும். நினைவகத் தகடு தன் துளையிலிருந்து சற்று நெகிழ்ந்திருப்பதும், அதன் விளிம்பில் தூசு படிந்திருப்பதும் இந்நிலைக்கு அடிக்கடி காணப்படும் காரணங்கள்.

(இ) எழுத்து தோன்றுகிறது, இயங்குதளம் கிடைக்கவில்லை

‘தொடங்குவதற்குரிய வட்டு இல்லை’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் செய்தி திரையில் நிற்கும். இது மூன்றாம் படி. பென்டிரைவ் ஏதேனும் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணினி வன்தட்டை விட்டுவிட்டு அதில் இயங்குதளத்தைத் தேடிக் கொண்டிருக்கலாம். அதனைக் கழற்றிவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

கணினியின் நாளும் நேரமும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருந்தால், தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்கலாம். பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது ‘சிஆர் 2032’ என்னும் 3 வோல்ட் மின்கலமாகும். அது தீர்ந்தால், எந்த வட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்னும் அமைப்பும் சில கணினிகளில் மாறிவிடும்.

(ஈ) சின்னம் தோன்றுகிறது, அதற்குமேல் நகரவில்லை

இது நான்காம் படி. உறுப்புகள் விழித்துவிட்டன, மென்பொருள் தடுமாறுகிறது. விண்டோஸ் 10, 11 ஆகியவை சிலமுறை அடுத்தடுத்துத் தொடங்க இயலாமற்போனால், மீட்புத் திரையைத் தாமே காட்டும். தொடக்கத்தைச் சீர்செய்தல், பாதுகாப்பு முறையில் தொடங்குதல் ஆகிய வாய்ப்புகளை அங்கே காணலாம். அண்மையில் நிறுவிய மென்பொருளே காரணமாயின், பாதுகாப்பு முறையில் நுழைந்து அதனை நீக்கலாம்.

3. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோய் இன்னதென அறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதன்பின் தணிக்கும் வழியைத் தேடுமாறு கூறுகிறது. பழுது நீக்குவோர்க்கும் இவ்வரிசை பொருந்தும்.

ஒரே நேரத்தில் கம்பியை மாற்றி, நினைவகத்தைத் துடைத்து, பென்டிரைவையும் கழற்றினால், கணினி எழக்கூடும். ஆனால் எதனால் எழுந்தது என்பது தெரியாது. மறுமுறை நின்றால் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க நேரிடும். ஆகவே ஒன்றை மாற்றுங்கள்; பொத்தானை அழுத்துங்கள்; கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்; அதன்பின் அடுத்ததற்குச் செல்லுங்கள். எளியதும் தீங்கற்றதும் முதலில், கடினமானது இறுதியில்.

அக்குறிப்பேடு பழுது நீக்குபவரிடம் செல்லும்போதும் துணைநிற்கும். ‘கணினி ஓடவில்லை’ என்பதைவிட, ‘விசிறி சுழல்கிறது, திரை நலமாக உள்ளது, மூன்று முறை ஒலிக்கிறது’ என்பது அவருக்கு வேண்டிய செய்தி. வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளில், கடைக்காரரின் மொழியை நன்கு அறிந்தவர் பெரும்பாலும் பிள்ளைகளாகிய நீங்களே. தெளிவாக நோக்கியவரே தெளிவாக மொழிபெயர்க்க முடியும்.

4. பெட்டியும் உள்ளிருக்கும் செல்வமும்

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது, பாட்டி பாடிய தாலாட்டையும் கூறிய கதைகளையும் மகள் பதிவு செய்து வந்தாள். அவை வீட்டுக் கணினியின் வன்தட்டில் மட்டுமே உள்ளன. கணினி இப்போது நான்காம் படியில் நின்றுவிட்டது. ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடலாம், ஒரு மணி நேர வேலை’ என்கிறார் கடைக்காரர். தந்தை தலையசைக்கிறார். அப்போது மகள் கேட்கிறாள்: “அப்பா, பாட்டியின் குரல் அதற்குள்தானே இருக்கிறது?”

அவ்வினா கேட்கப்படாவிட்டால் இழப்பு நேர்ந்திருக்கும். கணினியின் உறுப்புகளைக் கடையில் வாங்கலாம். உள்ளிருக்கும் பதிவை எக்கடையிலும் வாங்க இயலாது. இயங்குதளம் தொடங்கவில்லை என்பதால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருளில்லை. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியுடன் இணைத்துக் கோப்புகளைப் படியெடுக்கலாம். பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கியும் படியெடுக்கலாம். ஆகவே ‘முதலில் படியெடுங்கள், பின்னர் நிறுவுங்கள்’ என்று கடைக்காரரிடம் கூறுங்கள். சில மடிக்கணினிகளில் வட்டு ‘பிட்லாக்கர்’ முறையில் பூட்டப்பட்டிருக்கும். அதனைத் திறக்க 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். கணினி நலமாக உள்ளபோதே அச்சாவியைத் தாளில் எழுதி வைத்தல் நன்று.

வன்தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்று தொடர்ந்து ஒலி வந்தால், உடனே கணினியை அணைத்துவிடுங்கள். மீண்டும் மீண்டும் தொடங்கினால், மீட்கக் கூடியதும் மீட்க இயலாததாகிவிடும்.

காப்புப்படிக்கு எளிய விதி ஒன்று உண்டு: மூன்று படிகள், இரு வகைச் சேமிப்புக் கருவிகள், அவற்றுள் ஒரு படி வேறிடத்தில். அந்த வேறிடம் ஊரில் உள்ள தாத்தா வீட்டு அலமாரியாகவும் இருக்கலாம்.

5. கைவைக்கலாகாத இடங்கள்

• பெட்டியைத் திறப்பது பெரியவர் உடனிருக்கும்போது மட்டுமே. மின்கம்பியைக் கழற்றிய பின்னரே திறத்தல் வேண்டும்.
• உள்ளுறுப்புகளைத் தொடுமுன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் நுண்சில்லுகளைக் கெடுக்கும்.
• மின்வழங்கியை ஒருபோதும் பிரிக்காதீர்கள். கம்பியைக் கழற்றிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும்.
• எரியும் மணமோ புகையோ வந்தால், கணினியைத் தொடாமல் சுவரிலுள்ள ஆளியை அணைத்துப் பெரியவரை அழையுங்கள்.

தெரிந்துகொள்வோம்

கணினியைத் தொடங்குவதை ‘பூட்’ செய்தல் என்கிறோம். நீண்ட காலணியைக் காலில் ஏற்ற, அதன் மேற்புறத்தில் ஒரு வார் இருக்கும். அதன் பெயர் ‘பூட்ஸ்டிராப்’. தன் காலணி வாரைப் பற்றித் தன்னையே தூக்கிக் கொள்வது இயலாத செயல். நிரல்களை ஏற்றுவதற்கே ஒரு நிரல் தேவைப்படும் கணினியும் தன்னைத்தானே எழுப்பிக் கொள்ள வேண்டியிருப்பதால் இப்பெயர் வந்தது.

சொல் அறிவோம்

பாடத்தில் உள்ள சொல் – கடையில் வழங்கும் சொல்
மின்வழங்கி – பவர் சப்ளை, எஸ்எம்பிஎஸ்
தாய்ப்பலகை – மதர்போர்டு
நினைவகம் – ரேம்
வன்தட்டு – ஹார்டு டிஸ்க்
திரையகம் – மானிட்டர்
இயங்குதளம் – ஓஎஸ்
காப்புப்படி – பேக்கப்

மொழியை அறிவோம்: நிபந்தனை எச்சம்

ஒரு செயல் நிகழ்வதற்கு மற்றொரு செயலை நிபந்தனையாகக் கூறும் எச்சம் நிபந்தனை எச்சம் எனப்படும். ‘ஆல்’, ‘இன்’ ஆகிய ஈறுகளைக் கொண்டு வரும்.

விளக்கு எரிந்தால், பிளக் நலமாக உள்ளது.
காட்சி அட்டை இருப்பின், அதில் இணைக்க வேண்டும்.
எதிர்மறை: விளக்கு எரியாவிட்டால், குறை கணினியில் இல்லை.

‘எரிந்தால்’ என்பதனோடு ‘உம்’ சேர்ந்து ‘எரிந்தாலும்’ என வந்தால் பொருள் மாறும்.

விளக்கு எரிந்தால் கணினி இயங்கும். (எதிர்பார்த்தது நிகழும்)
விளக்கு எரிந்தாலும் கணினி இயங்கவில்லை. (எதிர்பார்த்தது நிகழவில்லை)

பயிற்சி

I. பிரித்து எழுதுக.
1. விசைப்பலகை 2. நினைவகம் 3. தாய்ப்பலகை

II. சரியான வரிசையில் எழுதுக.
ஏற்றுதல், நுழைவு, மின்சாரம், தேடல், தன்சோதனை

III. ‘ஆல்’ அல்லது ‘ஆலும்’ சேர்த்து நிறைவு செய்க.
1. பென்டிரைவைக் (கழற்று) ______ கணினி தொடங்கவில்லை.
2. வன்தட்டில் தொடர்ந்து ஒலி (வா) ______ கணினியை அணைக்க வேண்டும்.

IV. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. திரையில் எழுத்து தோன்றினால், எப்படிகள் நிறைவேறின எனக் கொள்ளலாம்?
2. ஒரே நேரத்தில் பல மாற்றங்களைச் செய்தலாகாது. ஏன்?
3. பாடத்தில் வரும் மகளின் வினா எதனைக் காத்தது?

V. எழுதுக.
உங்கள் வீட்டுக் கணினியின் விசிறி சுழல்கிறது, திரை இருண்டுள்ளது. நீங்கள் செய்த மூன்று சோதனைகளையும் கண்ட முடிவுகளையும் குறிப்பிட்டு, பழுது நீக்குபவருக்குத் தமிழில் ஒரு குறிப்பு எழுதுக. பின்னர் அதனை உங்கள் ஊரில் வழங்கும் மொழியில் பெயர்த்து உரைக்க.

VI. செயல்பாடு
தாத்தா, பாட்டி அல்லது ஊரில் உள்ள உறவினர் ஒருவருடன் தொலைபேசியில் பேசி, அவர் கூறும் கதை ஒன்றைப் பதிவு செய்க. அதற்கு மூன்று படிகள் எடுத்து, எவ்விடங்களில் வைத்தீர்கள் என எழுதுக.