மணி முடிந்தபின் வென்றது யார்? – வீடியோ சண்டை விளையாட்டுகளின் புள்ளிக் கணக்கு

விடுமுறைக்கு நாலு குழந்தைகள் ஒரே வீட்டில் கூடினால், டி.வி. முன்னால் வீடியோ கேம் நடக்கும். கூடவே "நான்தான் ஜெயித்தேன்", "இல்லை, நான்தான்" என்ற வழக்கும் நடக்கும். திரைக்குள் நடக்கும் சண்டை இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வெளியே நடப்பதுதான் முடிவதில்லை. பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லலாம் என்றால், ஆட்டத்தின் விதி நமக்குத் தெரிவதில்லை. "டி.வி.யை அணை" என்பதோடு நம் நியாயம் முடிந்துவிடுகிறது. பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து அந்த விதியைப் படித்துப் பார்த்தால், அதற்குள் ஒரு நல்ல கணக்குப் பாடமே இருக்கிறது. வாசக அன்பர்களுக்கு அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

இருவர் மட்டும் மோதினால்

முதலில் எளிய ஆட்டம். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991-ல் வெளியிட்ட "ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2" என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இருவர் மோதுவார்கள். ஒவ்வொருவருக்கும் திரையின் மேலே ஒரு பட்டை உண்டு. அடி வாங்க வாங்க அது குறையும். நடுவில் 99-லிருந்து இறங்கிவரும் கடிகாரம். ஒருவருடைய பட்டை காலியானால் அவர் அந்தச் சுற்றில் தோற்றார். இருவரும் தாக்குப்பிடித்து நேரம் முடிந்துவிட்டால், யாருடைய பட்டையில் மீதி அதிகமோ அவருக்கே வெற்றி. முதலில் இரண்டு சுற்று வென்றவர் ஆட்டத்தை வென்றவர்.

இருவர் ஆட்டத்துக்கு இது நியாயமான விதிதான். ஆனால் இதே விதியை நால்வர் ஆட்டத்துக்கு வைத்தால் என்ன ஆகும்? மூன்று பேர் அடித்துக்கொள்ள, ஒருவர் மூலையில் ஒதுங்கி நிற்பார். நேரம் முடியும்போது அவருடைய பட்டைதான் குறையாமல் இருக்கும். சண்டையே போடாதவர் சண்டையில் ஜெயித்தவர் ஆகிவிடுவார். ஆகவே பலர் ஆடும் ஆட்டத்துக்கு வேறு கணக்கு தேவைப்படுகிறது.

நால்வர் ஆட்டம்

1999-ல் நின்டெண்டோ 64 என்ற கருவிக்காக "சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்" வெளிவந்தது. இதை வடிவமைத்தவர் மசாஹிரோ சகுராய். நான்கு பேர் வரை ஒரே திரையில் மோதலாம். 2018-ல் வந்த "அல்டிமேட்" பதிப்பில் எட்டுப் பேர் வரை ஆடலாம்.

இதில் குறையும் பட்டை கிடையாது. அடி வாங்க வாங்கச் சதவீதம் ஏறும். சதவீதம் ஏற ஏற, அடுத்த அடியில் தூக்கி எறியப்படும் தூரமும் கூடும். மேடையின் எல்லையைத் தாண்டிப் போனால் ஒருமுறை "விழுந்ததாக" கணக்கு. உடனே பூஜ்ய சதவீதத்தோடு மறுபடி வந்து ஆடலாம்.

நேர ஆட்டத்தில் விதி இவ்வளவுதான்:

ஒருவரை வீழ்த்தினால் கூட்டல் 1.
ஒருமுறை விழுந்தால் கழித்தல் 1.
யாரும் தள்ளாமல் தானே கால் தவறி விழுந்தாலும் கழித்தல் 1. ஆனால் அதற்காக வேறு யாருக்கும் புள்ளி ஏறாது.

நேரம் முடிந்ததும் யாருடைய நிகரப் புள்ளி அதிகமோ அவர் வென்றவர்.

ஓர் உதாரணக் கணக்கு

கண்ணன், மீனா, ரவி, உமா என்று நால்வர் ஆடுவதாக வைத்துக்கொள்வோம்.

கண்ணன்: வீழ்த்தியது 5, விழுந்தது 3, நிகரம் +2
மீனா: வீழ்த்தியது 3, விழுந்தது 2, நிகரம் +1
ரவி: வீழ்த்தியது 3, விழுந்தது 5, நிகரம் –2
உமா: வீழ்த்தியது 1, விழுந்தது 4; நிகரம் –3

ரயில்வேயில் மெஷர்மென்ட் புத்தகம் எழுதிப் பழகிய கைக்கு, கூட்டுத்தொகையைச் சரிபார்க்காமல் விட மனம் வராது. வீழ்த்தியவை மொத்தம் 12. விழுந்தவை மொத்தம் 14. வித்தியாசம் 2. அப்படியென்றால் இரண்டு முறை யாரோ தானாக விழுந்திருக்கிறார்கள். நான்கு நிகரப் புள்ளிகளையும் கூட்டினால் –2 வரவேண்டும், வருகிறது. கணக்கு சரி.

இந்தச் சரிபார்ப்பு எப்போதும் பலிக்கும். ஒருவர் இன்னொருவரை வீழ்த்தும்போது ஒரு பக்கம் +1, மறுபக்கம் –1, மொத்தம் பூஜ்யம். தானாக விழுந்தால் மட்டும் –1 தனியாக நிற்கும். ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குறை எண்களைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஒளிந்திருப்பவர் வெல்ல முடியுமா?

இப்போது மூலையில் நின்றவரிடம் வருவோம். அவர் யாரையும் வீழ்த்தவில்லை, தானும் விழவில்லை. அவர் புள்ளி பூஜ்யம். ஒருவரும் தானாக விழவில்லை என்றால் மற்ற மூவரின் கூட்டுத்தொகையும் பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். மூவரின் கூட்டு பூஜ்யம் என்றால், ஒன்று மூவருமே பூஜ்யம். இல்லையேல் ஒருவராவது பூஜ்யத்துக்கு மேலே இருந்தாக வேண்டும். ஆகவே ஒளிந்திருப்பவர் தனியாக முதலிடம் பெற முடியாது! பட்டையை ஒப்பிடும் விதியில் ஒளிந்தவருக்குப் பரிசு. இந்த விதியில் அது இல்லை. ஆனாலும் மற்றவர்கள் +3, –1, –2 என்று எடுத்தால் பூஜ்யக்காரர் இரண்டாமிடத்துக்கு வந்துவிடுவார் என்பதையும் மறக்கக் கூடாது.

விதியில் குறை இல்லாமல் இல்லை. கேரம் பலகையில் ஒருவர் பாடுபட்டுக் காயைக் குழியின் வாய்வரை கொண்டுவந்து வைப்பார். அடுத்தவர் லேசாகத் தட்டிப் போட்டுக்கொள்வார். இங்கும் அப்படியே. நூறு சதவீதம் வரை அடித்தவர் ஒருவர், கடைசி அடி கொடுத்தவர் இன்னொருவர் என்றால், புள்ளி கடைசி அடிக்குத்தான். "நான்தான் ஜெயித்தேன்" வழக்கு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. உழைத்தது நிஜம், ஆனால் விதி உழைப்பை எண்ணவில்லை, வீழ்த்தியதை எண்ணுகிறது என்று குழந்தைக்கு எடுத்துச் சொன்னால் பாதிக் கோபம் அடங்கிவிடும்.

இன்னொரு குறை, முன்னணியில் இருப்பவர் கடைசி அரை நிமிடம் ஓடி ஒளிவது. நேரத்தில் முடியும் எல்லா ஆட்டத்துக்கும் உள்ள நோய் இது. புரோ கபடியில் இதற்காகத்தான், தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும், இல்லையேல் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஸ்மாஷ் ஆட்டத்தில் நாமே செய்யக்கூடிய வைத்தியம், புள்ளியைத் திரையில் காட்டாமல் விடுவது. தான் முன்னணியில் இருக்கிறோமா என்பது நிச்சயமில்லாதவர் எளிதில் ஒளிய மாட்டார்.

உயிர்க் கணக்கு

இதே ஆட்டத்தில் இன்னொரு முறையும் உண்டு. ஆளுக்கு மூன்று அல்லது நான்கு உயிர். எல்லாம் தீர்ந்தவர் வெளியே. கடைசியில் மிஞ்சியவர் வென்றவர். பெரிய போட்டிகளில் இருவர் மோதும்போது இந்த முறையைத்தான் வைக்கிறார்கள், கூடவே நேர வரம்பும் உண்டு. "அல்டிமேட்" போட்டிகளில் மூன்று உயிர், ஏழு நிமிடம் என்பது பரவலான வழக்கம். 2001-ல் வந்த "மெலே" பதிப்பில் நான்கு உயிர், எட்டு நிமிடம். நேரம் முடிந்தால் உயிர் அதிகம் உள்ளவருக்கு வெற்றி. அதுவும் சமமானால் சதவீதம் குறைவாக உள்ளவருக்கு.

தேர்ந்த இருவருக்கு இது பொருத்தம். நாலு குழந்தைகளுக்குப் பொருந்தாது. ஏனென்றால் எல்லோரிலும் சின்னவள்தான் முதலில் உயிர் தீர்ந்து வெளியே வருவாள். பிறகு ஆட்டம் முடியும்வரை அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே ஒளிபவருக்கும் மறுபடி லாபம் வந்துவிடுகிறது. நேர ஆட்டத்திலோ, –3 எடுத்தாலும் உமா கடைசி வினாடி வரை ஆட்டத்தில் இருக்கிறாள். எனக்கு இதுவே பெரிய வித்தியாசமாகப் படுகிறது.

சமமாக வந்தால்

நேர ஆட்டத்தில் முதலிடத்தில் இருவர் சமமானால், அந்த இருவரையும் 300 சதவீதத்தில் நிறுத்தி ஆட்டம் தொடரும். ஒரு நல்ல அடி பட்டாலே போதும், தூக்கி எறியப்படுவார்கள். தாமதித்தால் மேலிருந்து வெடிகுண்டுகள் விழத் தொடங்கும். விறுவிறுப்பானதுதான், ஆனால் திறமையைவிட அதிர்ஷ்டம் அதிகம். வேண்டாமென்றால், குறைவாக விழுந்தவருக்கே வெற்றி என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு ஒரு நடைமுறை

ஒன்று: விதியை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள், முடிந்தபின் பேசுவது வழக்கில்தான் முடியும்.

இரண்டு: மூன்று நிமிட நேர ஆட்டமாக ஐந்து வையுங்கள். பதினைந்து நிமிட ஆட்டம். ஆள் தேர்ந்தெடுக்கும் இடைவேளைகளையும் சேர்த்தால் அரை மணிக்குள் முடிந்துவிடும். "இன்னும் ஒரே ஆட்டம்" என்ற கெஞ்சலுக்கு இடமில்லை. உயிர் ஆட்டம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்று: ஐந்து ஆட்டத்தின் நிகரப் புள்ளிகளையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். எழுதுவதும் சரிபார்ப்பதும் தாத்தா பாட்டியின் பொறுப்பாக இருக்கட்டும்.

நான்கு: ஒரே குழந்தை எப்போதும் கடைசி என்றால் இரண்டு அணியாகப் பிரியுங்கள். முதலிடமும் கடைசியிடமும் ஓர் அணி, நடுவில் உள்ள இருவர் ஓர் அணி. நம் உதாரணத்தில் +2, –3 சேர்ந்து –1. +1, –2 சேர்ந்தும் –1. சமபலம்!

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியுமாகப் பேசுகிறார்கள். தமிழில் கூட்டல், கழித்தல், மிச்சம் என்று சொல்லிக் கணக்குப் போட அவர்களுக்கு வாய்ப்புக் குறைவு. தாளை நாம் கையில் வைத்துக்கொண்டு, "உமா எத்தனை முறை விழுந்தாள், சொல்லு பார்க்கலாம்" என்று தமிழில் கேட்டால் பதிலும் தமிழில் வரும். அடுத்த விடுமுறைக்குப் பேரன் பேத்திகள் வரும்போது ஒருமுறை செய்து பாருங்கள்.